உன்னிடம் ஒன்று, என்னிடம் ஒன்று

மார்ச் 3, இரவு 1.40

கொசுவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். பகலில் எழுத உட்கார்ந்தால் நண்டு மடியில் ஏறிவிடுகிறாள். அவள் தூங்கிய பிறகு எழுதலாம் என்றால், சரியாகத்தான் தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. இப்போதும் ஒரு கை அவள் முதுகின்மேல்தான் இருக்கிறது. இன்னொரு கையால் தட்டுகிறேன். பிழை இருந்தால் உன் வழக்கப்படி சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பாதே.

பதினான்கு மாதம் ஆயிற்று. உன் எண்ணை நான் தடுத்து வைத்திருந்தேன், உனக்கே தெரிந்திருக்கும். நேற்று எடுத்துவிட்டேன். அழைக்கத்தான் விரல் போனது. ஆனால் நமக்குள் சண்டை என்றால் எப்போதும் காகிதம்தானே. அப்பா இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குவார், நாம் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் கதவுக்கு அடியில் சீட்டுத் தள்ளித் தள்ளியே சண்டை போட்டோம். 'நீ திருடி.' 'நீ கொசு.' 'கொசு கடிக்கும்.' அந்தப் பழக்கத்தில் இதையும் உன் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். பதில் போடத் தோன்றாவிட்டாலும் படித்துவிடு.

பிப்ரவரி பதினெட்டு, காலை. நண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். பதில் வராது. இருபது மாதம் ஆகியும் அவள் இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆனால் மூடிச் சத்தமும் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கண் இரண்டும் ஒரு பக்கமாகப் போய் நின்றிருந்தது. வலது கை மட்டும் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல வெட்டி வெட்டி இழுத்தது. உதடு நீலம். எவ்வளவு நேரம் என்று பிறகு டாக்டர் கேட்டார், இரண்டு நிமிடம் என்றேன். எனக்கென்ன தெரியும்? பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, வாசனை கூடமெல்லாம் வந்துவிட்டது. அவ்வளவு நேரம்.

இப்போது குழந்தைகளின் நரம்பு டாக்டர் ஒருவரிடம் காட்டுகிறோம். கட்டையாக, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற பெண்மணி. ஒரு மருந்து தொடங்கியிருக்கிறார். மருந்தையும் மீறி விடிகாலையில் விழிக்கும்போது லேசாக வருகிறது. போனமுறை கேட்டார். "கைக்குழந்தையா இருந்தப்போ எடுத்த வீடியோ ஏதாவது இருக்கா? நாலு மாசம், அஞ்சு மாசம்? தூங்கி எழுந்ததும் எடுத்ததுன்னா ரொம்ப நல்லது. இது எப்போ, எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா மருந்தையே மாத்த வேண்டியிருக்கலாம்." அடுத்தமுறை வரச்சொன்னது மார்ச் 24.

எந்த வீடியோ என்று உனக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ அன்று, இது விளையாட்டில்லை, டாக்டரிடம் காட்டு என்று சொன்னாய். அதற்காகத்தான் நான் உன்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன்.

அது இப்போது டேப்பில் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும், உன் அலுவலகத்தில் தகவல் சேமிக்கிற அந்த நாடாப் பெட்டியில், நீதானே ஏற்றினாய்: கல்யாணப் படங்கள், அப்பாவின் குரல், நண்டு பிறந்ததிலிருந்து எடுத்தவை. "டிஸ்க் ஒரு நாள் சொல்லாம கொள்ளாம செத்துடும். இணையத்துல போட்டா அந்தக் கம்பெனிக்காரன் ஒரு நாள் கடையைச் சாத்திடுவான். டேப் அப்படியில்லக்கா. அலமாரியில முப்பது வருஷம் தூங்கும், எழுப்பினா எழுந்துக்கும்" என்று வியாபாரி மாதிரி பேசினாய். இரண்டு பிரதி எடுத்தாய். "உன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. ஒரு வீடு எரிஞ்சாலும் இன்னொரு வீடு இருக்கும்." அதை நம்பி டிஸ்க்கை அழித்து உன் மாமாவின் அலுவலக வேலைக்குக் கொடுத்துவிட்டேன். கைப்பேசியில் இருந்ததை, நீ போன அன்றே, நானே அழித்தேன்.

உன்னிடம் இருப்பதைப் போட்டுப் பார்த்து அந்த ஒரு வீடியோவை மட்டும் எடுத்து அனுப்பு. வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா

*

மார்ச் 4, காலை 6.15

அக்கா,

படித்தேன். மூன்று தடவை.

முதலில் இது. நண்டுக்கு இப்போது எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாளா? நடக்கிறாளா, இன்னும் பக்கவாட்டில்தான் ஊர்கிறாளா? இதையெல்லாம் எழுதாமல் கடிதத்தை முடித்துவிட்டாய்.

இரண்டாவது, உன்னிடம் இருக்கிற டேப் எங்கே? உள்ளங்கை அளவுக் கறுப்புப் பெட்டி, மேலே என் கையெழுத்தில் 'அக்கா வீடு' என்று ஒட்டியிருக்கும். தேடி எடு. அதன் முதுகுப் பக்கம் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்னச் சிவப்புத் தடுப்பு இருக்கிறது, அது பூட்டு போட்ட பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். பூட்டியிருந்தால் யாரும் அதன்மேல் எதையும் எழுத முடியாது. பார்த்துச் சொல். பெட்டியின் ஓரத்தில் ஒரு குட்டிக் கதவு இருக்கும். அதைத் திறக்காதே.

மூன்றாவது, டாக்டர் கேட்டார் என்று எழுதினாய். நீ என்ன சொன்னாய் என்று எழுதவில்லை.

நான் இப்போது எழுபத்தாறு கிலோ. கொசு என்று கூப்பிடுவது பொருத்தமாக இல்லை.

தம்பி

*

மார்ச் 6, இரவு 12.50

கொசுவுக்கு,

நடக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னும் பக்கவாட்டில்தான். சாப்பிடுகிறாள். மருந்து கசக்கிறது என்று என் முகத்திலேயே துப்புகிறாள், அதில் ஒரு குறையும் இல்லை.

டேப் கிடைத்துவிட்டது. நீ திட்டப்போகிறாய், அதனால் முழுவதும் படித்த பிறகு திட்டு.

நீ போன அன்று அதை என் கண்ணில் படாத இடத்தில் வைக்கவேண்டும் என்று நினைத்தேன். நண்டுக்குச் சிறிதாகிப்போன துணிகளோடு ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, குளியலறைப் பரணில் ஏற்றிவிட்டேன். வெந்நீர் இயந்திரத்துக்கு மேலே. அந்தக் குழாய் கசிகிறது என்பது இன்றைக்கு நாற்காலி போட்டு ஏறின பிறகுதான் தெரிந்தது. அட்டைப்பெட்டியின் அடிப்பாகம் என் கையோடு பிய்ந்து வந்தது. துணியெல்லாம் கறுப்புப் புள்ளி. நீ கொடுத்த பிளாஸ்டிக் உறையின் உள்பக்கம் மூடுபனி மாதிரி நீர் கோத்திருந்தது.

நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. நண்டு கீழே நின்று என் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். விழுந்திருந்தால் அவள்மேல்தான் விழுந்திருப்பேன்.

சிவப்புத் தடுப்பு பூட்டித்தான் இருக்கிறது. ஈரத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் செய்கிற மாதிரி, டேப்பை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். மாலையிலிருந்து. சரிதானே?

இன்னொன்று. உன் கடிதத்தை நானும் மூன்று தடவை படித்தேன். என் டேப் எங்கே, என் டேப்பின் தடுப்பு எங்கே, என் டேப்பின் கதவு எங்கே. உன்னிடம் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டதே அதைத்தானே? சின்ன வயதிலிருந்தே நீ எதையாவது உடைத்துவிட்டால் உடனே என் நோட்டுப் புத்தகம் எங்கே என்று விசாரிப்பாய். என்ன உடைத்தாய்?

அக்கா

*

மார்ச் 7, காலை 5.30

அக்கா,

அரிசியா!

வெளியே எடு. இப்போதே. குலுக்காதே, ஊதாதே, வெயிலில் வைக்காதே, முடி உலர்த்துகிற சூடான காற்றை அடிக்காதே. நீ அடிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஈரத்தைவிட அரிசி மாவுத்தூள்தான் அதற்குப் பகை. அந்தப் பெட்டிக்குள் எண்ணூறு மீட்டருக்கு மேல் நாடா சுற்றியிருக்கிறது, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒரு தூசி உள்ளே போனால் நாடாவிலும் கீறும், அதைப் படிக்கிற என் டிரைவின் தலையிலும் கீறும். உலர்ந்த மெல்லிய துணியால் வெளிப்பக்கத்தை மட்டும் துடை. காற்றாடுகிற அறையில், மேசைமேல், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வை. நண்டுக்கு எட்டாத உயரத்தில். அவ்வளவுதான்.

உலகத்திலேயே டேப்பை அரிசியில் போட்ட முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். எங்கள் அலுவலகத்தில் சொன்னால் சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

சரி. நீ கேட்டது.

என்னிடம் இல்லை.

அன்று நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "கல்யாணம் ஆகல, ஒரு பிள்ளையைத் தூக்கி வளர்க்கல, நீ எனக்கு டாக்டரா? என் பிள்ளைமேல கண்ணு போடாத. வெளியில போ." நண்டு உன் தோளில் இருந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் இரண்டு பேருந்து மாறி அறைக்கு வந்தேன். டேப் மேசைமேல் இருந்தது, 'தம்பி வீடு' என்று எழுதி. தடுப்பைத் திறந்தேன். டிரைவில் போட்டேன். புதிதாக ஆக்கு என்று ஒரு கட்டளை கொடுத்தேன். இரண்டே நிமிடம்.

நீ நினைப்பாய், முழுவதும் அழிய நேரமாகுமே, மீதி இருக்குமே என்று. இருக்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். நாடாவின் தொடக்கத்தில் 'இதோடு முடிந்தது' என்று ஒரு குறி விழுந்துவிட்டது. அதற்குப் பின்னால் அப்பாவின் குரல், நண்டு, எல்லாம் அப்படியே படிந்திருக்கிறது. ஆனால் டிரைவ் அந்தக் குறிக்கு அப்பால் போகாது. எத்தனை முறை போட்டாலும் அங்கே வந்து நிற்கும், ஒன்றும் இல்லை என்று சொல்லும். மறுநாளே தெரிந்துகொண்டேன் என்ன செய்துவிட்டேன் என்று. பதினான்கு மாதமாக அந்த டேப்பைத் தூக்கிப்போடவும் இல்லை, வேறு எதையும் அதில் எழுதவும் இல்லை.

ஊரார் டேப்பையெல்லாம் பூட்டிப் பாதுகாக்கிறதுக்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஆக, உலகத்தில் அந்த வீடியோ இருக்கிற ஒரே இடம் உன் மேசைதான்.

தம்பி

*

மார்ச் 8, இரவு 2.10

உனக்கு,

கொசு என்று தொடங்கக்கூட மனம் வரவில்லை.

நேற்று முழுதும் உன்னைத் திட்டிக்கொண்டே வேலை செய்தேன். பாத்திரம் உடைந்தது. உன் மாமா, "யார்மேல கோவம், என்மேலயா?" என்று கேட்டார். "இல்லை, குழாய்மேல" என்றேன். அவர் உடனே ஸ்பானரை எடுத்துக்கொண்டு குழாயைச் சரிசெய்யப் போய்விட்டார். அந்த மனுஷனிடம் பொய் சொல்வது ரொம்பச் சுலபம். அதுதான் என் கஷ்டமே.

ஒரே இடம் என் மேசை என்று எழுதிவிட்டாய். அதன் பிறகு நான் அந்த அறையில் பலமாகத் தும்மக்கூட இல்லை. தூக்கத்தில் எழுந்து அது நிற்கிறதா என்று பார்க்கிறேன். நண்டு மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறேன். பிறகு மறுபடி அது. இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு அடி. நடந்து நடந்து பாதம் அந்த இருட்டுக்குப் பழகிவிட்டது.

உன்னைத் திட்டி ஒரு முழுக் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. ஏனென்றால் நீ இரண்டு நிமிடத்தில் செய்ததை நான் அதைவிடச் சீக்கிரம் செய்தேன்.

டாக்டரிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்டாயே. அவர் வீடியோ இருக்கிறதா என்பதற்கு முன்னால் இன்னொன்று கேட்டார். "அந்த வயசுல தூங்கி எழுந்ததும் ரெண்டு கையையும் சட்டுனு விரிச்சு, தலையைக் குனிஞ்சு, கொஞ்சம் விட்டு மறுபடி, மறுபடின்னு வரிசையா ஏதாவது வந்திருக்கா?" கையை விரித்துக் காட்டினார். அச்சு அசல் அதே மாதிரி.

நான், "இல்ல டாக்டர்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த உன் மாமாவும் "இல்லைங்க, அப்படியெல்லாம் எதுவும் வரல" என்று தலையாட்டினார். பகல் முழுதும் வேலையில் இருக்கிறவர், என்னை நம்பிச் சொல்கிறார். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இப்போது நண்டு குடிக்கிற மருந்து.

ஏன் சொன்னேன் என்று கேட்காதே. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, அப்போது ஏன் காட்டவில்லை என்பது. ஒருத்தன் சொன்னான் டாக்டர், என் சொந்தத் தம்பி, அவனைத் துரத்திவிட்டேன் என்று சொல்லவேண்டும். அதன் பிறகு ஒரு மாதத்தில் அது தானாக நின்றுபோயிற்று. பார், நான் சொன்னது சரி, எல்லாக் குழந்தையும் திடுக்கிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனதுக்குள் உன்னிடம் ஜெயித்த மாதிரி இருந்தது.

டேப்பைக் கூரியரில் போடமாட்டேன். தூக்கி எறிவார்கள். நான் கிளம்பி வரலாம் என்றால் நண்டை விட்டுவிட்டு வரமுடியாது, அவளோடு ஓர் இரவு ரயிலில் வரவும் பயம். என்ன செய்வது என்று சொல்.

அக்கா

*

மார்ச் 9, காலை 6.00

அக்கா,

டேப்பை மற. நான் சொல்கிறேன், டேப் வேலை செய்யும் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன், அதை ஒரு நாள் மற.

இன்றைக்குக் காலையிலேயே டாக்டருக்கு போன் போடு. இருந்தது என்று சொல். எப்போது, எப்படி, எத்தனை நாள். வீடியோ அப்புறம். நாடா வருமா வராதா என்று எனக்கே தெரியாது. நீ பார்த்தது உனக்குத் தெரியும். இருபத்துநாலாம் தேதி வரைக்கும் இதைப் பிடித்து வைத்திருக்காதே.

மாமாவிடமும் சொல். அவருக்கு நான் விரோதி என்று தெரியும், ஏன் என்று தெரியாது.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அதனால்தான் கடிதம் சின்னதாக இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 12, இரவு 11.30

கொசுவுக்கு,

சொல்லிவிட்டேன். இரண்டு பேரிடமும்.

டாக்டருக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பரவாயில்ல, இப்பவாவது சொன்னீங்க. பத்தொன்பதாம் தேதியே கூட்டிட்டு வாங்க. படம் கிடைச்சா முன்னாடியே அனுப்புங்க, நான் பார்க்கணும். அம்மா சொல்றது ஒண்ணு, கண்ணால பார்க்கிறது ஒண்ணு" என்றார். அந்தப் 'பரவாயில்ல' என்பதைத்தான் தாங்கமுடியவில்லை.

உன் மாமாவிடம் நேற்று சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நண்டின் சட்டை ஒன்றைக் கையில் வைத்தபடியே கேட்டார். நான் முடித்த பிறகும் அந்தச் சட்டையை மடித்தார், பிரித்தார், மடித்தார். "தம்பி அன்னிக்கே சொன்னானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். இன்று முழுதும் என்னிடம் பேசவில்லை. நண்டிடம் பேசினார், குழாயிடம்கூடப் பேசினார்.

மாலையில் வந்து, "அந்தப் பெட்டியைக் கொடு" என்றார். இரண்டு நாள் விடுப்பு சொல்லிவிட்டாராம். நண்டின் கம்பளித் துணியில் சுற்றி, தன் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து, அதைப் பையில் போட்டு, பையை மார்போடு மாட்டிக்கொண்டார். ரயில் நள்ளிரவில். "மேல வெக்காதீங்க, கீழயும் வெக்காதீங்க" என்றேன். "தெரியும்" என்றார். கிளம்பும்போது என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அவர் படி இறங்கும்போது நான் ஒன்றை நினைத்துக்கொண்டேன். உன் அறையில் அந்த வீடியோ ஓடினால் அவரும் பார்ப்பார். அதில் நானும் இருக்கிறேன்.

இன்று இரவு வீட்டில் நானும் நண்டும் மட்டும். மருந்து, டாக்டர் எண், கதவுச் சாவி எல்லாவற்றையும் தலைமாட்டில் வரிசையாக வைத்திருக்கிறேன். காற்று அடித்து ஜன்னல் அசைந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அக்கா

*

மார்ச் 15, இரவு 10.20

அக்கா,

மாமா வந்து சேர்ந்தார், பதிமூன்றாம் தேதி மதியம். பையைக் கழற்றவே இல்லை. அந்தப் பையோடு தண்ணீர் குடித்தார், பையோடு கைகழுவினார். கண் சிவந்திருந்தது, ரயிலில் உட்கார்ந்தே வந்தாராம். "போடு" என்றார். "ஒரு நாள் பொறுக்கணும் மாமா. பயணம் பண்ணி வந்த டேப் இந்த அறைச் சூட்டுக்குப் பழகணும், உடனே போட்டா கெட்டுடும்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "பதினாலு மாசம் பொறுத்தாச்சு" என்று சொல்லித் தரையில் படுத்துவிட்டார்.

டேப் மேசைமேல், நாங்கள் இரண்டு பேரும் அதற்கு இரண்டு பக்கம். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. என் சமையலைச் சாப்பிட்டார். உப்பு போதவில்லை என்றார்.

நேற்று மதியம் போட்டேன். என் டிரைவ் அலுவலகத்தில் கழித்துக்கட்டியது, உனக்குத் தெரியும். இது போனால் இந்த வகை டேப் படிக்க என்னிடம் வேறு இல்லை. உள்ளே இழுத்துக்கொண்டது. சத்தம் கேட்டது. முதலில் பெயர்ப் பட்டியல் வந்தது, எல்லாக் கோப்பும், நீ வைத்த பெயர்களோடு. 'நண்டு குளியல்', 'நண்டு கொட்டாவி', 'நண்டும் பொம்மை யானையும்'. மாமா பெயர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பட்டியல் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டதென்று நினைத்தார் பாவம். பட்டியல் வருவது வேறு, நாடாவில் அந்த இடம் படிக்க வருவது வேறு.

நாம் தேடுவதன் பெயர் என்னவென்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. 'நண்டு நடனம்'. டேப்பில் ஏற்றி முடித்ததும், சரியாகப் பதிந்ததா என்று பார்க்க நான் ஏதாவது ஒன்றைத் திறக்கப் போனேன். பெயர் வேடிக்கையாக இருக்கிறதே என்றுதான் அதைத் திறந்தேன்.

முதல் தடவை அந்த இடத்துக்குப் போய் நின்றது. பின்னால் போனது, முன்னால் வந்தது, மறுபடி பின்னால். செருப்புத் துடைக்கிற மாதிரி ஒரு சத்தம். நான்கு நிமிடம் அப்படியே போராடிவிட்டு, முடியாது என்றது. வெளியே எடுத்தேன். டேப்பின் குட்டிக் கதவோரத்தில் ஓர் அரிசிக் குறுணை. உண்மையாகவே. மாமா அதை விரல் நுனியில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று தெரியவில்லை.

டிரைவின் தலையைத் துடைக்கிறதற்கென்றே ஒரு டேப் உண்டு, அதை ஒரு முறை ஓட்டினேன். மறுபடி போட்டேன். முடியாது. ஒரு மணி நேரம் விட்டுப் போட்டேன். முடியாது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நாடா உரசுகிறது அக்கா, படிக்கப் படிக்கத் தேய்கிறது என்று எனக்குத் தெரியும். மாமாவிடம் சொல்லவில்லை. விடியும்வரை கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இன்று மாலை ஏழாவது தடவை.

வந்துவிட்டது.

முழுசாக, ஒரு நிமிடம் பத்து நொடி. உடனே மூன்று இடத்தில் பிரதி எடுத்துவிட்டேன்.

இப்போது விஷயம் இது. மாமா நேற்றிரவு தூங்காததால், அது வருவதற்கு அரைமணி முன்னால் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். அவர் இன்னும் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.

படத்தோடு சத்தமும் இருக்கிறது. நான் அன்று பார்த்தபோது சத்தத்தை அடைத்து வைத்துப் பார்த்திருந்தேன் போல. இன்றைக்குத்தான் கேட்டேன்.

டாக்டருக்குப் படம் போதும். சத்தத்தை எடுத்துவிட்டு அனுப்பட்டுமா? ஒரு நிமிட வேலை. மாமாவுக்கும் அப்படியே காட்டலாம், டேப்பில் சத்தம் வரவில்லை என்றால் நம்புவார். யாருக்கும் தெரியவேண்டியதில்லை. நீ சொல்கிறபடி செய்கிறேன். அவர் எழுந்துகொள்வதற்கு முன்னால் சொல்.

தம்பி

*

மார்ச் 16, விடிகாலை 4.05

கொசுவுக்கு,

உன் கடிதத்தைப் பத்தரைக்கே பார்த்துவிட்டேன். இவ்வளவு நேரம் தாமதித்ததற்கு மன்னித்துக்கொள். நீ சொன்னதைச் செய் என்று மூன்று முறை எழுதி அழித்தேன். 'சரி' என்று ஒரே சொல்தான். அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தபடியே ஒரு மணி நேரம் இருந்தேன்.

அதில் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். நான் சிரித்துக்கொண்டிருப்பேன். அவள் தூங்கி எழுந்து, ஜன்னல் வெளிச்சத்தில், மஞ்சள் துண்டின்மேல் மல்லாந்து கிடந்தாள். சட்டென்று இரண்டு கையையும் விரித்துத் தலையைக் குனிந்தாள். யாரோ வணக்கம் சொல்ல வந்ததுபோல அவ்வளவு அழகாக இருந்தது, கொசு. கைப்பேசியை எடுத்தேன். மறுபடி செய்தாள். நான், "ஒண்ணு!" என்றேன். மறுபடி. "ரெண்டு!" அவள் ஆட ஆட நான் எண்ணினேன். பரிசு கொடுக்கிறவள் மாதிரி எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு அவள் முகம் அழப்போவதுபோல ஆகும். அதற்கும் சிரித்திருக்கிறேன். "என்னடி, டான்ஸ் ஆடிட்டு அழுவற?" என்று கேட்டிருப்பேன். கேட்டேன்தானே?

அதை உன் மாமா கேட்பார் என்பதுதான் எனக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம், நான் கேட்பேன் என்பது.

ஆனால் சத்தத்தை எடுக்காதே. மூன்று மணிக்கு நண்டு விழித்துக்கொண்டாள். அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே யோசித்தேன். டாக்டர் என்னிடம் போனில் கேட்டது இதுதான்: ஒரு தடவைக்கு எத்தனை வரும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி, போகப்போகக் கூடுமா குறையுமா? "தெரியல டாக்டர், நான் கவனிக்கல" என்றேன். மறுபடியும் பொய். கவனித்தேன். வாய்விட்டு எண்ணினேன். கையோ தலையோ சரியாகத் தெரியாத இடத்தில்கூட என் குரல் இருக்கும், அவள் அசைந்த அந்தக் கணத்திலேயே. நான் செய்தவற்றில் நண்டுக்கு உதவக்கூடியது அது ஒன்றுதான். அதைப்போய் எடுத்துவிடாதே. ஏற்கெனவே 'இதோடு முடிந்தது' என்று ஆளுக்கொரு குறி போட்டிருக்கிறோம், நீயும் நானும். மூன்றாவது வேண்டாம்.

உன் மாமா எழுந்ததும் அவருக்குச் சத்தத்தோடு காட்டு. அவர் பார்க்கும்போது நீ அறையில் இரு, ஆனால் அவர் முகத்தைப் பார்க்காதே. பார்த்தாலும் எனக்கு எழுதாதே. காட்டிய கையோடு டாக்டருக்கு அப்படியே அனுப்பிவிடு, முகவரி கீழே இருக்கிறது. பத்தொன்பதாம் தேதிவரை காத்திருக்கவேண்டாம்.

மூன்று மணிக்கு விழித்தாள் என்றேனே. எழுந்த உடனே வந்தது. சின்னதுதான், வலது தோள் மட்டும். விளக்கைப் போடாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணினேன். நான்கு. நான்காவதற்குப் பிறகு இன்னும் வருமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. தூங்கிவிட்டாள். தேதியும் நேரமும் போட்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இனி இரண்டு தாளில் எழுதப்போகிறேன். இங்கே ஒன்று. ஒன்று உனக்கு.

எனக்கு ஒன்று மட்டும் நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த வீடியோவில் நான் எத்தனை வரைக்கும் எண்ணினேன்? சிரிப்பு எங்கே நின்றது? நானாக நிறுத்தினேனா, கைப்பேசியை அணைத்துவிட்டதால் நின்றதா? நீ கேட்டிருக்கிறாய். மழுப்பாமல் எண்ணை மட்டும் எழுது.

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அவள் விழித்தால் மறுபடி எண்ணவேண்டும், அதற்குமுன் அந்த எண் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

அக்கா